நாலு நாள் காத்து: 47 வயசு சித்தப்பாவும் விண்ட்சர்ஃபிங்கும்

இந்த எபிசோட்ல கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல. எங்க சித்தப்பாவோட கையைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

சித்தப்பாவுக்கு 47 வயசு. வீடு எங்க தெருவுலயே, பாகாயம். வேலை ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி, கட்டிங் செக்ஷன். மெஷின் வந்து எவ்வளவோ வருஷம் ஆச்சு, ஆனா சாம்பிள் ஷூவுக்கு இன்னும் அவர் கையில கத்தி பிடிச்சுத்தான் தோல் வெட்டறாரு. அவரோட கை குலுக்கினா நம்ம கீபோர்டு கை நசுங்கிடும். அந்தக் கைதான் அவருக்குச் சம்பளம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் வந்து, "டேய், விண்ட்சர்ஃபிங் கத்துக்கப் போறேன், நீயும் வர்ற"ன்னாரு. வேலூர்ல இருந்துக்கிட்டு! தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டைன்னு நம்ம ஊரைக் கிண்டல் பண்ணுவாங்க. சாமி 1981-லயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துட்டாரு. பாலாறு விஷயத்துல கிண்டல் இன்னும் செல்லுபடியாகுது.

ஆனா அவர் ஆசைக்கு ஒரு காரணம் இருக்கு. விஷ்ணு சரவணன். வேலூர்ல பிறந்தவர், ராணுவத்துல இருக்கறவர், டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்லயும் பாய்மரப் படகு ஓட்டினவர். 2023-ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல இல்கா 7 பிரிவுல வெண்கலம். அதே போட்டியில இபாத் அலி விண்ட்சர்ஃபிங்ல, ஆர்எஸ்:எக்ஸ் பிரிவுல, இந்தியாவுக்கு இன்னொரு வெண்கலம் வாங்கினாரு. அந்த வாரம் முழுக்க சித்தப்பா கம்பெனி பஸ்ல போன்ல இதைத்தான் பார்த்திருக்காரு. விஷ்ணு ஓட்டறது படகு, உட்கார்ந்து ஓட்டறது. சித்தப்பாவுக்குப் பிடிச்சது நின்னு ஓட்டற பலகை.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஒரு பெரிய பலகை, அது மேல எந்தப் பக்கமும் சாயற மாதிரி ஒரு மூட்டு, அதுல ஒரு கம்பமும் பாயும். பாயைச் சுத்தி கைப்பிடி மாதிரி ஒரு வளைவு, அதுக்குப் பேர் பூம். பூமைப் பிடிச்சுக்கிட்டு உடம்பைப் பின்னால சாய்ச்சு, காத்து இழுக்கற அளவுக்கு நம்ம எடையைக் கொடுக்கணும். சுக்கான் கிடையாது, பாயை முன்னால பின்னால சாய்ச்சுத்தான் திருப்பணும். நீங்க விழுந்தா பாயும் தண்ணியில படுத்துடும். பலகை மேல ஏறி நின்னு ஒரு கயிறைப் பிடிச்சு இழுத்து அதைத் தூக்கணும். இதுக்குப் பேர் அப்ஹால். கிணத்துல தண்ணி சேந்தற மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா நிக்கற இடமும் சேர்ந்து ஆடும். புதுசா கத்துக்கறவங்க செலவழிக்கற சக்தியில பெரும்பங்கு இந்த அப்ஹாலுக்குத்தான் போகுது.

முதல் தடவை ஜூலையில போனோம். காட்பாடியில ரயில் ஏறி, ராமநாதபுரத்துல இறங்கி, மண்டபம் போற வழியில பாக் விரிகுடாக் கரை. நாலு நாள் பயிற்சி, முழுப் பணமும் முன்னாலயே கட்டியாச்சு. சித்தப்பா அந்த வருஷத்துல மிச்சமிருந்த லீவையெல்லாம் சேர்த்து எடுத்திருந்தாரு. தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுச்சு. காசும் லீவும் போட்டாச்சு, அப்போ ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாதுங்கற மனநிலை.

முதல் நாள் காலையில பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும், சாப்பிட்டுட்டு மூணுல இருந்து அஞ்சரை வரைக்கும். நான் ரெண்டு மணி நேரத்துல கரைக்கு வந்து படுத்துட்டேன், சும்மா இருக்க முடியாம அவர் விழறதை எண்ணினேன். ஒரு மணி நேரத்துல 38 தடவை. அத்தனை தடவை அப்ஹால். சாயங்காலம் மனுஷன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். "வலியே இல்லடா, நீதான் வீக்கு"ன்னாரு.

ரெண்டாவது நாள் காலையில விரலை முழுசா மடக்க முடியல. "ஓட்டினா சரியாயிடும்"னு சொல்லிக்கிட்டு இறங்கிட்டாரு. மத்தியானம் காத்து ஏறுச்சு, 12 நாட் இருந்தது 17 ஆச்சு. கேட்கறதுக்குச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். ஆனா பாய் மேல காத்து கொடுக்கற விசை, வேகத்தோட வர்க்கத்துக்குப் போகும். 17-ஐ 12-ஆல வகுத்து வர்க்கம் எடுத்துப் பாருங்க, ரெண்டு வரும். அதே பாய், ரெண்டு மடங்கு இழுவை. சின்ன பாய் மாத்திக்கோங்கன்னு அங்க சொன்னாங்க. சித்தப்பா கேட்கல.

அந்தக் கரையில ஜூலையில தென்மேற்குக் காத்து, நிலத்துல இருந்து கடலைப் பார்த்து வீசும். அதனால தண்ணி தகடு மாதிரி இருக்கும், கத்துக்க நல்லா இருக்கும். ஆனா போறது சுலபம், வர்றது கஷ்டம். காத்துக்கு எதிரா நேரா வர முடியாது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு கோணல் கோணலா வரணும். போகும்போது சக்தி பாதி தீர்ந்தா, திரும்பி வர்றதுக்குப் பாதி பத்தாது.

ஒரு இருநூறு மீட்டர் போய் விழுந்தாரு. கயிறைப் பிடிச்சாரு, விட்டுட்டாரு. திரும்பப் பிடிச்சாரு, விட்டுட்டாரு. அப்புறம் பலகை மேல உட்கார்ந்து கையை ஆட்ட ஆரம்பிச்சாரு. காத்து அவரை மெதுவா வெளியே தள்ளிக்கிட்டே இருந்தது. படகு போய்க் கூட்டிட்டு வர பத்து நிமிஷம் ஆச்சு. அந்தப் பத்து நிமிஷம் நான் கரையில நின்னு, சித்திக்கு என்ன சொல்றதுன்னு மனசுல வாக்கியம் அமைச்சுக்கிட்டிருந்தேன்.

மீதி ரெண்டு நாளும் உள்ளங்கையை மேல பார்த்து வச்சுக்கிட்டு நிழல்ல உட்கார்ந்திருந்தாரு. பரோட்டாவைப் பிய்க்க வரல, நான் பிய்ச்சுக் கொடுத்தேன். ஊருக்கு வந்து ஒரு வாரம் கத்தி பிடிக்க முடியல. சாம்பிள் வேலை வேற ஆளுக்குப் போச்சு. கடல் பயமா இருந்துச்சான்னு கேட்டேன். "கடல் இல்லடா. மூடுன்னு சொன்னா கை மூடல. அதுதான்."

அப்புறம் நான் வழக்கமா பண்றதைப் பண்ணேன். உட்கார்ந்து படிச்சேன், தெரிஞ்ச பிசியோதெரபி ஆளுங்ககிட்ட கேட்டேன். பாகாயத்துல சிஎம்சி காலேஜ் பக்கத்துல குடியிருந்தா இது ஒரு சௌகரியம், டீக்கடையிலயே யாராவது கிடைப்பாங்க.

முதல்ல ஒரு பழைய பொய்யைத் தூக்கிப் போடலாம். மறுநாள் வர்ற வலிக்கு லாக்டிக் ஆசிட் காரணம்னு ஸ்கூல் பி.டி. சார்ல இருந்து ஜிம் டிரெய்னர் வரைக்கும் சொல்லுவாங்க. அது காரணம் இல்ல. உழைச்சு முடிச்ச ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே ரத்தத்துல அது பழைய அளவுக்கு வந்துடும். பழக்கமில்லாத வேலை செஞ்சா தசை நார்கள்ல நுண்ணிய சேதம் ஆகும். அதைச் சரிபண்ண உடம்பு இறங்கும்போது வீக்கம், வலி. அது 24-ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்கு வரும். அதாவது முதல் நாள் பண்ணினதுக்கான பில் ரெண்டாவது, மூணாவது நாள்தான் வருது. நம்ம பாஷையில சொன்னா, டாஷ்போர்டுல தெரியற லோடு ரெண்டு நாள் பழையது. எல்லாம் பச்சையா இருக்குன்னு சித்தப்பா டிராஃபிக்கை ஏத்திக்கிட்டே போனாரு. "வலியே இல்லடா"ன்னு அவர் சொன்னது பொய் இல்ல, இன்னும் வந்து சேராத தகவல்.

ரெண்டாவது, பிடி. கட்டிங்ல அவர் கை வெட்டும், விடும், வெட்டும், விடும். பூம்ல அப்படி இல்ல, பிடிச்சா பிடிச்சபடியே இருக்கணும். தசை விடாம இறுகி இருந்தா உள்ள போற ரத்தக் குழாயும் அமுங்கிடும். ரத்தம் போகாது, முன்கை கல்லு மாதிரி ஆயிடும், விரல் திறக்கும், மூடாது. இருபது வருஷ வேலைக் கைக்கும் இது புது வேலைதான். அதைவிடப் புதுசு, ஈரம். காய்ப்பு காய்ச்ச கை தண்ணியில ரெண்டு மணி நேரம் ஊறினா காய்ப்பு மெத்துனு ஆகி அப்படியே உரிஞ்சு வரும். இதைச் சொன்னதும் சித்தப்பா தலையில அடிச்சுக்கிட்டாரு. "இன்னாடா, ஊறின தோல் கிழியும்னு எனக்கே பாடம் எடுக்கற."

மூணாவது, வயசு. எனக்கு இதைச் சொல்லத் தயக்கமாத்தான் இருந்தது. முப்பதுகள்ல இருந்தே தசை அளவு கொஞ்சம் கொஞ்சமா குறைய ஆரம்பிக்கும், அதுலயும் சட்டுனு இழுக்கற வேகத் தசை நார்கள் முதல்ல. இதயத்துடிப்போட உச்சமும் இறங்கும். 220-ல இருந்து வயசைக் கழிக்கற தோராயக் கணக்குல எனக்கு 192, அவருக்கு 173. ஆளுக்கு ஆள் பத்து பன்னெண்டு முன்ன பின்ன இருக்கும். தூக்கமும் மெல்லிசாகும், பழுது பார்க்கற வேலைக்குத் தூக்கம் முக்கியம். தசைநாண் இருக்கே, தசையை எலும்போட கட்டியிருக்கற கயிறு, அதுக்கு ரத்த ஓட்டம் கம்மி, அதனால தசையைவிட மெதுவாத்தான் பழகும். கை தயார்னு தசை சொல்லும்போது முழங்கையில இருக்கற நாண் தயாரா இருக்காது.

அதுக்காக 47 வயசுல முடியாதுன்னு இல்ல. அர்ஜென்டினாவோட சாண்டியாகோ லாங்கே 2016 ரியோ ஒலிம்பிக்ல நாக்ரா 17 படகுல தங்கம் ஜெயிச்சப்போ அவருக்கு 54 வயசு. அதுக்கு முந்தின வருஷம் புற்றுநோய்க்காக நுரையீரல்ல ஒரு பகுதியை எடுத்திருந்தாங்க. விண்ட்சர்ஃபிங்லயே பியோர்ன் டுங்கர்பெக் 52 வயசுல நமீபியாவுல மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டினாரு. ஆனா அந்த வேகத்துல 500 மீட்டர் போக இருபது செகண்டுகூட ஆகாது. சித்தப்பாவுக்கு ஒரே ஒரு நல்ல ஓட்டம் மட்டும் வேணும்னா பிரச்சினையே இல்ல. அவருக்கு வேணும்னது நாலு நாள், அஞ்சாவது நாள் வேலைக்குப் போற கை.

அடுத்த வருஷம் ஜூன்ல திரும்பப் போனோம். இந்தத் தடவை தயாரிப்பு ஆறு வாரம் முன்னாலயே. பழக்கமில்லாத வேலையைக் கொஞ்சமா ஒரு தடவை செஞ்சுட்டா, அடுத்த சில வாரத்துக்கு அதே வேலையால வர்ற சேதமும் வலியும் கணிசமா குறையும். உடம்பு ஒரு தடவை பார்த்ததை ஞாபகம் வச்சுக்கும், தடுப்பூசி மாதிரி. அதனால பெரிய ஜிம் எல்லாம் தேவைப்படல. எங்க வீட்டுக் கிணத்துல வாரத்துல மூணு நாள், முதல்ல பத்து வாளி, கடைசியில முப்பது. முதுகை நேரா வச்சு, முழங்காலை மடக்கி, கையால இழுக்காம உடம்பு எடையால இழுக்கணும். அப்ஹாலும் அதேதான். சித்தி மட்டும் தொட்டி நிரம்பி வழியுதுன்னு திட்டினாங்க.

டாக்டர்கிட்டயும் போனோம். நாற்பது தாண்டினவங்க, பிரஷர், சர்க்கரை இருக்கறவங்க இந்த ஸ்டெப்பைத் தாண்டாதீங்க. சித்தப்பாவுக்குச் சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை. தொடர்ந்து சில நாள் கடுமையா உழைச்சா இன்சுலின் நல்லா வேலை செய்ய ஆரம்பிக்கும், தசையும் தீர்ந்துபோன சர்க்கரைச் சேமிப்பை நிரப்ப ரத்தத்துல இருந்து இழுக்கும். இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்களுக்கு உழைச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கத்துலகூட சர்க்கரை இறங்கலாம். அதனால அளவை அவங்க டாக்டர்தான் மாத்தித் தரணும். நாமளா கூகுள் பார்த்து மாத்தக் கூடாது. சித்தப்பாவுக்கு மாத்திக் கொடுத்தாங்க, தலைமாட்டுல கடலை மிட்டாயும் குளுக்கோஸும் வச்சுப் படுத்தாரு. வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓட்டற ஐடியாவும் அங்கயே ரத்து. உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கும்போது புரூஃபென் மாதிரி மாத்திரை கிட்னிக்கு ஆபத்து, போதாக்குறைக்கு அது நிறுத்துன்னு சொல்ற ஒரே சத்தத்தையும் அமுக்கிடும்.

இப்போ கணக்கு. எத்தனை மணி நேரம் ஓட்டலாம்னு நான் ஒரு அட்டவணை போட்டேன், சித்தப்பா அதைப் பார்த்துட்டு வேணாம்னுட்டாரு. "மணியில என்னடா இருக்கு? விழாம ரெண்டு மணி நேரம் ஓட்டினாலும் களைப்பு இல்ல, அரை மணியில நாற்பது தடவை விழுந்தா செத்தேன்." சரியான பாயிண்ட். நான் தப்பான மெட்ரிக்கை எடுத்திருந்தேன். அதனால அப்ஹாலை எண்ணினோம். முதல் நாள் மொத்தமே 40, காலையில 25, சாயங்காலம் 15. தீர்ந்தா கரை, காத்து எவ்வளவு அழகா இருந்தாலும். இது அவருக்கான எண், கிணத்தடியில கிடைச்சது. உங்களுக்கு வேற வரும். கூட ரெண்டு விதி. ஒரே காரணத்துக்காக மூணு தடவை தொடர்ந்து விழுந்தா அது கத்துக்கறது இல்ல, களைப்பு, கரைக்கு வா. இன்னும் ஒரு தடவை போகலாம்னு தோணும்போது வெளியே போகாதே, கரையோரமாவே ஓட்டு. திரும்பி வர்றதுக்கான சக்தி எப்பவும் தனிக் கணக்கு, அதுல கை வைக்கக் கூடாது.

முதல் நாள் 40-ல நிறுத்தினப்போ மனுஷன் முகம் தொங்கிப் போச்சு. குழந்தைகிட்ட ஐஸ்கிரீம் பிடுங்கின மாதிரி. ஆனா மறுநாள் காலையில விரல் மடங்குச்சு. ரெண்டாவது நாள் காத்து ஏறறதுக்கு முன்னாலயே காலையில இறங்கினாரு, கேட்காமலே சின்ன பாய் எடுத்துக்கிட்டாரு. பூமை அழுத்திப் பிடிக்காம விரலைக் கொக்கி மாதிரி மாட்டி, கையை நீட்டி, எடையைப் பின்னால கொடுத்தாரு. பாய் தண்ணியில கிடக்கும்போது உடனே இழுக்காம, ஒரு ஓரத்தைத் தூக்கி மேல நிக்கற தண்ணி வடியட்டும்னு ரெண்டு செகண்ட் காத்திருந்தாரு. ஒரு லிட்டர் வடிஞ்சா ஒரு கிலோ மிச்சம். இந்த ரெண்டு செகண்ட்லதான் அவர் முதுகு தப்பிச்சதுன்னு நான் நினைக்கறேன்.

சாப்பாட்டுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. கடல்ல நனைஞ்சுக்கிட்டே இருக்கறதால வேர்க்கறது தெரியாது, அதனால தாகம் எடுக்கறதுக்கு முன்னாலயே உப்பு போட்ட மோர். தசையில தீர்ந்த சர்க்கரைச் சேமிப்பு நிரம்ப ஒரு நாள் பிடிக்கும், அதுக்குச் சோறு சாப்பிடணும். டயட்னு சொல்லி ராத்திரி சோத்தை நிறுத்தற ஆளுங்க மூணாவது நாள் காத்தே இல்லாம நிப்பாங்க. சர்க்கரை இருக்கறதால சித்தப்பா எவ்வளவு, எப்போன்னு டாக்டர் சொன்னபடி.

மூணாவது நாள்தான் சண்டை. வலி உச்சத்துக்கு வர்ற நாள், ஓட்டக் கூடாதுன்னு நான். காசு கட்டின நாள்னு அவர். கடைசியில விஷ்ணு சரவணன்தான் காப்பாத்தினாரு. பாய்மரப் போட்டியில பல நாள் பல ரேஸ் நடக்கும், ஹாங்சோவுல விஷ்ணுவுக்கு 11 ரேஸ், இபாத் அலிக்கு 14. அத்தனையிலயும் மோசமான ரேஸைக் கணக்குல சேர்க்காம விட்டுடுவாங்க. எல்லா நாளும் நல்லா இருக்க முடியாதுங்கறது அந்த விளையாட்டோட விதியிலயே எழுதியிருக்கு. இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "அப்போ நான் மூணாவது நாளைத் தூக்கிப் போட்டுடறேன்"னாரு. காலையில கழுத்தளவு தண்ணியில கொஞ்சம் நடந்தோம், மத்தியானம் தனுஷ்கோடி போனோம், அங்க மனுஷன் மீன் வறுவலைத் தானே பிய்ச்சுச் சாப்பிட்டாரு.

நாலாவது நாள் கரையோரமா ஒரே மூச்சுல முந்நூறு மீட்டர் விழாம போனாரு. திருப்பினாரு. கோணல் கோணலா அஞ்சு தடவை மாறி மாறி, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தாரு. படகு பின்னால சும்மா வந்துச்சு. அன்னைக்கு எண்ணிக்கை 22-ல நின்னுச்சு, இன்னும் 18 பாக்கி இருந்தது. போங்கன்னு நான்தான் சொன்னேன். போர்டைக் கரையில இழுத்துப் போட்டுட்டு, "போதும்டா, திங்கக்கிழமை சாம்பிள் இருக்கு"ன்னாரு.

திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு கம்பெனி பஸ்ல இருந்து ஒரு போட்டோ வந்துச்சு. விரிச்ச உள்ளங்கை, ஒரே ஒரு கொப்புளம், பின்னால ஜன்னல்ல தண்ணி இல்லாத பாலாறு.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு சித்தப்பாவோ, அத்தையோ, இல்ல சனி ஞாயிறு மட்டும் வீரனாகற நண்பனோ இருந்தா அவங்க கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் வழக்கம்போல கோடிங்குக்குத் திரும்பிடலாம்.